ஜல்லி மேல் நான்கு முட்டைகள்

என் கணவருக்குப் பறவைகள் என்றால் உயிர். பறவைகளுக்கு அவரைப் பற்றி என்ன அபிப்பிராயம் என்பது, எங்கள் வீட்டுக் கொல்லையில் ஓர் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்ட கோடையில்தான் தெரிய வந்தது.

அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். செங்கல்பட்டு ஜங்ஷனில்தான் பாதி வாழ்க்கை கழிந்தது. பெட்டிக்குள் ஏறி ஒரு தரம் பார்வையை ஓட்டினாலே டிக்கெட் எடுக்காத ஆளைக் கண்டுபிடித்துவிடுவார் என்று அவருடைய நண்பர்கள் சொல்வார்கள். அவரும் சொல்வார். வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு அந்தக் கண்ணுக்கு வேலையில்லாமல் போயிற்று. ஃபேனை யார் அணைக்காமல் போனது, பால் ஏன் பொங்கியது என்று என்னைப் பரிசோதிக்கத் தொடங்கினார். நிலைமை முற்றுவதற்குள் பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் ஒரு பைனாகுலர் வாங்கி அனுப்பினாள். அவள் கெட்டிக்காரி. அன்றிலிருந்து அவர் இயற்கை ஆர்வலர்.

எங்கள் வீடு திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு மனைப்பிரிவில் இருக்கிறது. விற்காத மனைகளே அதிகம். அவற்றில் சீமைக்கருவேலமும் எருக்கும் தாராளமாகக் குடியேறியிருக்கின்றன. கொல்லைக்குப் பின்னால் முள்கம்பி வேலி, அதை ஒட்டி ஊருக்குள் போகிற ஒரு சிமென்ட் ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஏரி. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வந்துவிட்டால் மாமல்லபுரத்துக்காரர்களைப் பார்த்து நாங்கள் பொறாமைப்பட ஒன்றுமில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் இயற்கையைத் தேடிப் போக வேண்டியதில்லை. அதுவே வரும். கீரி ஒன்று தினமும் பதினோரு மணி வாக்கில் வேலியோரமாக ஒருமுறை நடந்துபோய் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகும். சாரைப்பாம்பு மழைக்காலத்தில் துவைக்கிற கல்லுக்கு அடியில் தங்கும். மயில்கள் நான் போட்ட வெண்டைச் செடிகளைக் குருத்தோடு முடித்துவிட்டு மொட்டை மாடியில் ஏறி நின்று கத்தும். நான் திருக்கழுக்குன்றத்தில் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேசுகிற வகுப்பை அடக்கிவிடுவேன். ஆனால் சுவரில் பல்லியைக் கண்டால் அந்த அறைக்குள் போக மாட்டேன். ஆகவே கொல்லைப்புறத்து ஜீவராசிகள் எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகத்தான் எனக்குத் தெரியும்.

அவர் அப்படியில்லை. தொப்பி போட்டுக்கொண்டு, பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தோடு கொல்லையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவார். ஒருநாள் காலை, ஏரிக்குள் ஒரு பெரிய வெள்ளை நாரை அரைமணி நேரமாக ஆடாமல் அசையாமல் நிற்கிறது, வெளிநாட்டிலிருந்து வந்ததாக இருக்கும், சீக்கிரம் வா என்று என்னைக் கூப்பிட்டார். நான் பைனாகுலரை வாங்கிப் பார்த்தேன். யாரோ மீன் வலைக்கு அடையாளமாகக் குச்சியில் கட்டிவைத்த சிமென்ட் மூட்டைப் பை. எந்தக் கம்பெனி சிமென்ட் என்று படிக்கக்கூட முடிந்தது. அதன்பிறகு ஒரு வாரம் என்னை அவர் எதற்கும் கூப்பிடவில்லை.

வேடந்தாங்கலுக்கு வருஷா வருஷம் போவோம். அங்கே மட்டும் அவர் ஒரு பறவையையும் தவறவிட்டதில்லை. மரத்துக்கு மரம் காய்த்துத் தொங்குகிற மாதிரி உட்கார்ந்திருக்கும் பறவைகளைத் தவறவிடுவதற்கும் ஒரு திறமை வேண்டும். அங்கிருந்து திரும்பி வந்த ஒருநாள்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. கொல்லையில் ஒரு சிட்-அவுட் கட்ட வேண்டும். தரைக்குக் கான்கிரீட், மேலே ஒரு ஷீட், இரண்டு நாற்காலி. காலையில் காபியோடு அங்கே உட்கார்ந்து ஏரியைப் பார்க்கலாம்.

"இப்ப மட்டும் யாரு பாக்க வேணாம்னு சொன்னது?" என்றேன்.

"மழை பெஞ்சா நனையாம பாக்கணும்ல?"

"மழை பெஞ்சா பறவையெல்லாம் வீட்டுக்குப் போயிடும்."

அவர் நோட்டுப் புத்தகத்தில் சிட்-அவுட்டை வரைய ஆரம்பித்தார். பக்கத்து ஊர் மேஸ்திரியிடம் பேசி முடித்துவிட்டிருந்தார் என்பது இரண்டு நாள் கழித்து ஒரு டிப்பர் லாரி வந்து கொல்லையில் ஜல்லி கொட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. மேஸ்திரி அதை மேலாக மண்வெட்டியால் இழுத்துத் தட்டையாக்கிவிட்டு, திங்கட்கிழமை ஆட்களோடு வருகிறேன் என்று சொல்லிப் போனார். திங்கட்கிழமை வரவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமையும் வரவில்லை. பத்து நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை, நான்கு ஆட்களோடும் கலவை இயந்திரத்தோடும் வந்து இறங்கினார். பள்ளிக்கு அப்போதுதான் கோடை விடுமுறை விட்டிருந்தது. நான் உள்ளே அவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

கொல்லையில் பயங்கரமான கூச்சல். மனிதக் கூச்சல் அல்ல.

எட்டிப் பார்த்தேன். மேஸ்திரி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்து நிற்கிறார். அவர் தலைக்கு மேலே இரண்டு பறவைகள் வட்டமடித்து வட்டமடித்துப் பாய்கின்றன. கருப்புத் தலை, வெள்ளைக் கன்னம், மூக்குக்கு மேலே குங்குமம் வைத்த மாதிரி சிவப்பு, நீளமான மஞ்சள் கால். ஆள்காட்டிக் குருவி. ஏரிப்பக்கம் யாராவது போனால் கத்தி ஊரைக் கூட்டுமே, அதேதான்.

"சார், இன்னா சார் இது, மண்டையக் கொத்த வந்துகினு கீது!" என்றார் மேஸ்திரி. அப்புறம் ஜல்லிக் குவியலைப் பார்த்துவிட்டு, "ஐய, முட்ட கீது சார். அப்படியே ஜல்லி மாரியே கீது. மிதிச்சிருப்பேன்."

கூடு என்று ஒன்றுமில்லை. ஜல்லிக்கு நடுவே சின்னதாக ஒரு பள்ளம், அதில் நான்கு முட்டைகள், கூர்முனைகள் நான்கும் உள்பக்கம் பார்த்தபடி. சாம்பல் நிறத்தில் கருப்புத் திட்டுகள். ஒரு தரம் கண்ணை எடுத்துவிட்டால் மறுபடி தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் கணவர் தினமும் ஐந்தடி தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏரியை ஆராய்ந்திருக்கிறார் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

"நாலு நாளா கத்திக்கிட்டே இருந்துச்சு. ஏரியில நாய் வந்திருக்கும்னு நெனச்சேன்" என்றார் என்னிடம், மெல்லிய குரலில்.

மேஸ்திரி யோசனை சொன்னார். "ஒண்ணும் பேஜாரு இல்ல சார். ஒரு பாண்டு சட்டில ஜல்லியோட அள்ளி அந்தாண்ட வெச்சிடறேன். அது பாட்டுக்கு வந்து குந்திக்கும்."

"தொடக்கூடாது" என்றார் என் கணவர்.

"அப்ப வேலை?"

"பொரிக்கிற வரைக்கும் வேலை இல்ல. நாலு வாரம் ஆகும்."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "இன்னா டீச்சர், சார் வெளையாடறாரா? ஆள இட்டுகினு வந்துட்டேனே."

நானும் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில், அபராதத்தைக் கட்டாமல் இறங்க முடியாது என்று சொல்கிற பழைய பரிசோதகர் வந்து நின்றிருந்தார். மேஸ்திரி நான்கு ஆட்களோடும் டீயைக் குடித்துவிட்டு, இயந்திரத்தை வேப்பமரத்தடியில் நிறுத்தி வைத்துவிட்டுப் போனார். நிறுத்திய இடத்துக்குப் பக்கத்தில்தான் என் துணிக்கொடி. நான்கு வாரம் அதைச் சுற்றிச் சுற்றி நான் துணி உலர்த்தினேன்.

அன்று முதல் எங்கள் வீட்டுக் கொல்லை எங்களுடையதாக இல்லை. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். ஒன்று உட்கார்ந்திருந்தால் மற்றொன்று வேலிக்கல் மேல் நின்று காவல் பார்க்கும். பின்கதவைத் திறந்தால் போதும், 'தித்தித்தீ... தித்தித்தீ...' என்று ஆரம்பித்துவிடும். முதல் நாள் எனக்கும் அதே வரவேற்புதான். ஆனால் நான் தினமும் காலை எட்டு மணிக்கு வாளியோடு போவேன், துணியைக் காயப் போடுவேன், வேறெங்கும் பார்க்காமல் திரும்பி வந்துவிடுவேன். ஐந்தாறு நாளில் அவை என்னை விட்டுவிட்டன. கத்துவதில்லை. உட்கார்ந்திருப்பது தலையை மட்டும் திருப்பிப் பார்க்கும். அவ்வளவுதான்.

அவர் விஷயம் வேறு. அவர் பூனைநடை நடந்து, பைனாகுலரோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக நெருங்குவார். எந்த ஜீவனுக்குத்தான் சந்தேகம் வராது? இரண்டும் சேர்ந்து எழும்பி அவருடைய வழுக்கையைக் குறிவைத்துப் பாயும். தொப்பியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார்.

"நான்தான் உன்னக் காப்பாத்தினேன், தெரியுமா?" என்று கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அதனிடம் முறையிடுவார்.

"தெரியாது போல" என்பேன் நான்.

அவர் மனம் நொந்துதான் போனார். சிரிக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். சிரித்தேன்.

அந்தக் குருவிதான் இன்னொரு விஷயத்தையும் எனக்குத் தெரியப்படுத்தியது. அவருக்குச் சர்க்கரை நோய். இனிப்பைத் தொடுவதே இல்லை என்று என்னிடம் சொல்லியிருந்தார். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இறங்கவே காணோம். டாக்டர் என்னைத் திட்டினார், நான் அரிசியைத் திட்டினேன். இப்படிப் போய்க்கொண்டிருந்தது. அக்னி நட்சத்திர வெயிலில் ஒருநாள் மத்தியானம் மூன்று மணிக்கு நான் கண்ணயர்ந்திருந்தேன். 'தித்தித்தீ' சத்தம் கேட்டு விழித்தேன். சரி, கீரியாக இருக்கும் என்று புரண்டு படுத்தேன். மறுநாளும் அதே மூன்று மணிக்கு. அதற்கு மறுநாளும். கீரிக்குப் பதினோரு மணிதான் நேரம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

நாலாம் நாள் தூங்குவதுபோல் படுத்திருந்து, சத்தம் கிளம்பியதும் சமையலறை ஜன்னலுக்குப் போனேன். ஜல்லிக் குவியலைத் தாண்டி, கொல்லை மூலையில் மோட்டார் ரூம். அதன் வாசலில், சுவரைப் பார்த்தபடி அவர் நிற்கிறார். தாடை அசைகிறது. தலைக்கு மேலே பறவை கத்துகிறது. உற்றுக் கேட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், 'தித்திக்குதா, தித்திக்குதா' என்றுதான் எனக்குக் கேட்டது.

பின்கதவைத் திறந்தேன். பறவை என்னைப் பார்த்துவிட்டு வேலிக்கல்லில் போய் உட்கார்ந்தது, இனி உன் பொறுப்பு என்பதுபோல.

"என்னங்க பண்றீங்க?"

"மோட்டார்ல ஒரு சத்தம் வந்துச்சு. பாக்கலாம்னு..." என்றார். வாயில் இருந்ததை முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"கரண்டே இல்லையே. ஒரு மணியிலேர்ந்து போயிருக்கு."

மோட்டாருக்குப் பின்னால் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதில் கடலை மிட்டாய், தேங்காய் பர்பி, எள்ளுருண்டை. மிட்டாய்க் கடையே வைத்திருந்தார். எத்தனை மாதமாக என்று கேட்டேன். வயசான ரயில் பயணி மாதிரி, அவசரத்தில் டிக்கெட் எடுக்க மறந்துவிட்டேன் என்கிற முகத்தோடு நின்றார். டப்பாவை நான் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அன்று மாலை மகளுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன். அவள் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிஷம் ஆனது. "அம்மா, அந்தக் குருவிய அங்கேயே பர்மனெண்ட் ஆக்கிடுங்க" என்றாள்.

அதற்குப் பழிவாங்கவோ என்னவோ, அவர் குருவியிடம் இன்னும் அதிகமாக அன்பு காட்ட ஆரம்பித்தார். வெயில் அப்படி. ஜல்லி கொதித்தது. உட்கார்ந்திருந்த பறவை வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கியது. அவர் ஒரு குடையை எடுத்துக்கொண்டு போய், அடி வாங்கியபடியே, குவியலுக்குப் பக்கத்தில் விரித்து நட்டுவைத்துவிட்டு வந்தார். இரண்டு பறவைகளும் குடையைக் கண்டு மிரண்டு வேலிக்கு வெளியே போய் நின்றன. முட்டைகள் தனியாகக் கிடந்தன. பத்து நிமிஷம் ஆயிற்று, கிட்டே வரவில்லை.

"எடுங்க அத. முட்டை வெந்துடும்" என்றேன்.

"நிழல்தானே குடுக்குறேன்!"

"அதுக்கு நிழலா தெரியல, பூதமா தெரியுது. எடுங்க."

மறுபடி அடி வாங்கிக்கொண்டு எடுத்து வந்தார். அதன்பிறகு அந்தப் பறவை செய்ததைத்தான் நாங்கள் இருவரும் ஜன்னலில் தலையோடு தலை இடித்துக்கொண்டு பார்த்தோம். ஒன்று பறந்து ஏரியில் மிச்சமிருந்த தண்ணீருக்குப் போயிற்று. வயிற்றை நன்றாக நனைத்துக்கொண்டு சொட்டச் சொட்டத் திரும்பி வந்து முட்டைகள் மேல் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மற்றொன்று போயிற்று. வெயில் தாழும்வரை மாறி மாறி இதேதான். மறுநாள் ஒரு பழைய அலுமினியத் தட்டில் தண்ணீர் ஊற்றிக் துணிக்கொடிக் கம்பத்தடியில் வைத்தேன். அதில் வந்து நனைந்தன. இதற்கும் அவர் கொஞ்சம் பொறாமைப்பட்டார்.

மேஸ்திரி நான்கைந்து நாளுக்கு ஒருமுறை ஃபோன் செய்வார். "இன்னா சார், டெலிவரி ஆச்சா?" ஆரம்பத்தில் கிண்டலாகத்தான் கேட்டார். பிறகு ஒருநாள் ஃபோன் செய்யாமல் நேரிலேயே வந்து, வேலிக்கு வெளியே ரோட்டில் வண்டியை நிறுத்தி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வெய்யில்ல குந்திகினு கீது பாரு, பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் நண்பர்களோடு மாமல்லபுரம் கடற்கரைக்கு நடைப்பயிற்சி போயிருந்தார். நடைப்பயிற்சி என்றால், காரில் போய், கொஞ்சம் நடந்து, இட்லி சாப்பிட்டுவிட்டு வருவது. நான் வழக்கம்போல எட்டு மணிக்குத் துணி வாளியோடு கொல்லைக்குப் போனேன். என்னைப் பார்த்துக் கத்தாத குருவிகள் அன்று கத்தின. சாதாரணக் கத்தல் இல்லை. இரண்டும் தரையோடு தரையாகப் பாய்ந்து பாய்ந்து எழும்பின.

ஜல்லிக் குவியலின் மேலே ஓர் உடும்பு. தலையிலிருந்து வால்நுனிவரை என் இடுப்பு உயரம் இருக்கும். பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், ஒரு முட்டையை வாயில் கவ்விக்கொண்டிருந்தது. அது தலையைத் தூக்க, முட்டை உள்ளே போயிற்று. கழுத்து உப்பி இறங்கியது.

நானோ பல்லிக்கே அறையை விட்டு ஓடுகிறவள். இது பல்லிக்கெல்லாம் பெரியப்பா. உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டிருக்க வேண்டியவள்தான். ஏன் அப்படிச் செய்யவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. உடும்பு இரண்டாவது முட்டையை நோக்கித் தலையைத் தாழ்த்தியது. நான் வாளியில் கைவிட்டு, கையில் வந்ததை எடுத்து வீசினேன். ஈரத் தலையணை உறை. பக்கத்தில் விழுந்தது. அது திரும்பி என்னைப் பார்த்தது. அடுத்தது ஒரு துண்டு. அடுத்தது என் ரவிக்கை. "போ! போ! ஏய், போ!" என்று வகுப்பில் கத்துகிற குரலில் கத்தினேன். அது புஸ்ஸென்று சீறியது. அப்போது கையில் வந்தது அவருடைய கட்டம் போட்ட லுங்கி. நன்றாக நனைந்து கனத்திருந்தது. சுழற்றி எறிந்தேன். நேராக அதன் தலைமேல் போய் மூடிக்கொண்டது.

லுங்கிக்குள் ஒரு கலவரம். பிறகு லுங்கியே குவியலை விட்டு இறங்கி ஓடியது. இரண்டு குருவிகளும் லுங்கியைத் துரத்தின. வேலி முள்ளில் மாட்டிக் கிழிந்து லுங்கி நின்றுவிட, உடும்பு மட்டும் அந்தப் பக்கமாகப் பாய்ந்து எருக்கஞ்செடிகளுக்குள் மறைந்தது.

நான் அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். குருவிகள் இன்னும் கொஞ்ச நேரம் கத்திவிட்டு, ஒன்று குவியலுக்குத் திரும்பியது. மூன்று முட்டைகளைச் சுற்றி நடந்தது. அலகால் ஒன்றைத் தொட்டது. பிறகு எப்போதும்போல இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. நான்கு இருந்த இடத்தில் மூன்று இருப்பது அதற்குத் தெரிந்ததா, தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நான் இரண்டு நிமிஷம் முன்னால் வந்திருக்கலாம். வாளியில் நீலம் போட்டுக்கொண்டு நின்ற அந்த இரண்டு நிமிஷம்.

பத்து மணிக்கு அவர் வந்தார். முதலில் பார்த்தது வேலியைத்தான்.

"என் லுங்கி ஏன் அங்க தொங்குது?"

"உடும்பு கொண்டுபோச்சு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். முட்டை போனதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இடறியது. நீயா, உடும்பையா என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு மெதுவாக, "ஃபோட்டோ எடுத்தியா?" என்றார்.

நான் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். சற்றுநேரம் கழித்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேலியோரம் உட்கார்ந்து, கிழிந்த லுங்கியை முள்ளிலிருந்து ஒவ்வொரு நூலாக விடுவித்துக்கொண்டிருந்தார். அடுத்த நாளிலிருந்து மாமல்லபுரம் நடைப்பயிற்சி நின்றது. காலையில் ஆறிலிருந்து ஒன்பதுவரை, மாலையில் நாலிலிருந்து ஆறரைவரை, பின்கதவுக்கு உள்பக்கம் நாற்காலி போட்டு, கையில் துணிக்கொடிக்கு முட்டுக் கொடுக்கிற கம்போடு உட்கார்ந்திருந்தார். உடும்பு மறுபடி ஒரே ஒருமுறை வந்தது. அவர் கம்போடு வெளியே வந்து நின்றதைப் பார்த்துத் திரும்பிப் போயிற்று. "பாத்தியா?" என்றார். குருவிகள் அவர் மேல் பாய்ந்தது போதாதென்று இப்போது கம்பின் மேலும் பாய்ந்தன.

பள்ளி திறக்க நான்கு நாள் இருந்தது. காலை ஆறு மணிக்கு அவர் என்னை எழுப்பவில்லை, உலுக்கினார். "வா, வா, வா."

மூன்றும் பொரிந்துவிட்டிருந்தன. நள்ளிரவிலேயோ விடியற்காலையிலேயோ, தெரியவில்லை. பஞ்சை உருட்டிப் புள்ளி வைத்து, அதற்குக் குச்சிக் கால் மாட்டிய மாதிரி மூன்று குஞ்சுகள். ஜல்லியில் ஏறி விழுந்து ஏறின. தாய் வேலிப்பக்கம் போய் மெல்ல ஒரு சத்தம் கொடுத்தது. இதுவரை நாங்கள் கேட்காத, மிருதுவான சத்தம். குஞ்சுகள் அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்தன. நாங்கள் ஒரு வாரமாவது வைத்துப் பார்க்கலாம் என்றிருந்தோம். அவை ஒரு நாள்கூடத் தங்குவதாக இல்லை.

"ஏரிக்குப் போகுது. ரோட்டக் கடக்கணுமே" என்றார் அவர்.

அந்த ரோட்டில் காலையில்தான் எல்லா வண்டியும். பால்காரர், தண்ணீர் கேன் வேன், கம்பெனிக்கு ஆட்களை ஏற்றுகிற பஸ். நான் சொல்வதற்குள் அவர் வேலியின் மரப்படலைத் திறந்துகொண்டு ரோட்டுக்குப் போய்விட்டார். பனியன், தைத்துக் கட்டியிருந்த அந்தக் கிழிந்த லுங்கி, செருப்பில்லை. தண்ணீர் கேன் வேன் திருப்பத்தில் வந்தது. அவர் நடுரோட்டில் நின்று வலது கையை உயர்த்தினார்.

"நில்லு!"

பக்கத்து ஊர்வரை கேட்டிருக்கும். வேன் நின்றது. பின்னாலேயே வந்த பால்காரரின் டி.வி.எஸ். நின்றது. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது நம் மேஸ்திரி. அன்று காலை பார்த்துவிட்டுப் போகலாம் என்று எதேச்சையாக வந்திருந்தார். அவர் வண்டியை ரோட்டுக்குக் குறுக்கே போட்டு அந்தப் பக்கத்தை அடைத்தார்.

"இன்னா சார் ஆச்சு?" என்று வேன் டிரைவர் தலையை நீட்டினார்.

"ஹாரன் அடிக்காத நைனா" என்றார் மேஸ்திரி. "எங்க சார் வூட்டு புள்ளைங்க போவுது."

முதல் குஞ்சு ரோட்டோரத்துச் சரிவில் ஏற மூன்று தரம் முயன்றது. இரண்டாவது அதைத் தாண்டிப் போய்விட்டது. மூன்றாவது நடுரோட்டில் உட்கார்ந்துகொண்டது. மேலே தந்தைக் குருவி பறந்து பறந்து கத்தியது. யாரைக் குறிவைத்து என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் தலையை மறைக்கவில்லை, குனியவில்லை. கையை உயர்த்தியபடியே நின்றார். அது இரண்டு தரம் அவர் தலையை இறகால் உரசிப் போயிற்று. பஸ்ஸும் வந்து சேர்ந்து நின்றது. உள்ளிருந்தவர்கள் எல்லாரும் ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார்கள். உட்கார்ந்திருந்த குஞ்சு எழுந்தது. கொஞ்சம் யோசித்தது. ஓடியது. மூன்றும் அந்தப் பக்கத்துப் புல்லில் இறங்கி மறைந்தன.

வேன் டிரைவர் கிளம்பும்போது அவருக்கு ஒரு சல்யூட் அடித்தார். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு லுங்கியைச் சரிசெய்தார்.

"அப்போ நான் வேலைய ஆரம்பிச்சிடவா சார்?" என்று மேஸ்திரி கேட்டார். "ஆளுக்கு ஃபோன் போட்டா அரமணி நேரத்துல வந்துடுவானுங்கோ."

"ஆரம்பிங்க, ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டு அவர் ஏரிப்பக்கம் இறங்கினார். நானும் இறங்கினேன். வீடு கட்டி ஆறு வருஷமாகியிருந்தது. அந்த ஏரிக்கரைக்கு நான் ஒருநாளும் போனதில்லை. பாம்பு இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கிறதுதான். ஒரு தண்ணீர்ப்பாம்பு எங்களுக்கு முன்னால் நெளிந்து போயிற்று. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், எனக்காக என்று சொல்லிக்கொண்டு.

ஏரி பாதி வற்றி, வெடித்த சேற்றுமண் தெரிந்தது. குருவிகள் இரண்டும் அங்கே நின்றன. குஞ்சுகளைக் காணோம்.

"எங்க போச்சுங்க?"

"அதோ. அந்தச் செம்புக் கலர் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு. அதுக்கு ஒரு சாண் தள்ளி ஒண்ணு. மூணாவது அம்மாகிட்ட, வயித்துக்கு அடியில."

எனக்கு மண்ணாங்கட்டிதான் தெரிந்தது. அவர் என் தோளுக்கு மேலாக விரலை நீட்டிக் காட்டினார். வெகுநேரம் பார்த்தேன். ஒரு மண்ணாங்கட்டி கண்ணைச் சிமிட்டியது.

"பாத்துட்டேன்" என்றேன்.

காற்று ஏரிமேல் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் இருந்த பக்கம் முக்குளிப்பான்கள் மூழ்கி, வேறெங்கோ போய் எழுந்தன. எது எங்கே எழும் என்று நாங்கள் இருவரும் பந்தயம் கட்டினோம். நான் ஏழில் ஐந்து சரியாகச் சொன்னேன். அவர் இரண்டு சொல்லிவிட்டு மூன்று என்று சாதித்தார். பின்னால் கொல்லையில் கலவை இயந்திரம் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. மேஸ்திரி வேலியருகே வந்து, "டீச்சர், டீ கெடைக்குமா?" என்று கத்தினார்.

"பால் ஃப்ரிட்ஜுல இருக்கு, நீங்களே போட்டுக்குங்க!" என்று திரும்பிப் பார்க்காமலேயே நான் கத்தினேன்.